கூம்பு விழியோடு எண்ணூர் வரை

சென்னைக்கு வரும் நம் வாசகர்களுள் பெரும்பாலோர் சாந்தோமுக்கும் பரங்கிமலைக்கும் சென்று, மெரினாவில் கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். கோட்டையைத் தாண்டி வடக்கே செல்வோர் மிகச் சிலரே. துறைமுகமும் தொழிற்சாலைகளும் நெருங்கிக் கிடக்கும் அப்பகுதியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போரும் உளர். இராயபுரம் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை நாம் மேற்கொண்ட ஒருநாள் பயணத்தில், நம்முடன் வந்த இளைஞருக்கோ 'பார்ப்பது' என்பதே நாள்தோறும் காலையில் முயன்று தொடங்கவேண்டிய ஒரு வேலையாக இருந்தது.

அவருக்கு வயது 26. கன்டெய்னர் யார்டு ஒன்றில் பணி. உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் மீதும் நான்கு எழுத்துகளும் ஏழு எண்களும் எழுதப்பட்டிருக்கும். லாரி நிற்கும் சிறிது நேரத்திற்குள் அவற்றைப் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 3 என்பதை 8 என்று படித்துவிட்டால் பெட்டி எங்கோ போய்ச் சேரும். பழி இவர் தலையில் விழும். "கண்ணாடிய மாத்தி மாத்திப் பாத்தேன் ஐயா. நம்பருக்குப் பின்னால இன்னொரு நம்பர் நெழல் மாதிரி நிக்கும்" என்றார். இரவில் துறைமுகத்துக் கிரேன்களின் விளக்குகள் ஒன்று ஐந்தாறாகி வால் நீண்ட வெள்ளிகளைப்போலத் தெரியுமாம். வேலை கைநழுவிப் போகும் நிலை வந்த பிறகே அவருக்கு நோயின் பெயர் தெரிந்தது: கெரட்டோகோனஸ். கூம்பு விழி எனலாம்.

இராயபுரம் என்னும் பெயர், நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்த புனித பேதுருவின் பெயரால் வந்ததென்பர். அவர் பெயர் தாங்கிய ஆலயம் இன்றும் அங்கே உள்ளது. அருகிலேயே பழைய இரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-இல் ஆர்க்காட்டுத் திசை நோக்கிப் புறப்பட்டது இங்கிருந்துதான். அந்த நீண்ட தூண் வரிசையின்முன் சற்று நேரம் நின்றோம். இளைஞர் ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் தூண்களை எண்ணிப் பார்த்தார். லென்ஸ் அணிந்த பிறகு ஏற்பட்ட பழக்கம் அது என்று கூறி நகைத்தார்.

அந்த நிலையம் திறக்கப்படுவதற்கு இரண்டாண்டு முன்னர், 1854-இல், இங்கிலாந்தின் துறைமுக நகரான லிவர்ப்பூலில் ஜான் நாட்டிங்காம் என்னும் மருத்துவர் இந்நோயைப் பற்றி முழுமையானதொரு நூலை வெளியிட்டார். கண்ணின் கருமைப் பகுதியின்மேல் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோலக் கவிந்திருக்கும் ஒளி புகும் படலத்திற்குக் கார்னியா என்று பெயர். அதன் நடுப்பகுதியின் கனம் அரை மில்லிமீட்டர் அளவே. பெரும்பாலும் பதின்ம வயதில் சிலருக்கு இப்படலம் மெலியத் தொடங்கி, கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்கமாட்டாமல் முன்னோக்கிக் கூம்பாகப் புடைக்கிறது. முப்பது நாற்பது வயது வரை இது வளரக்கூடும். பொதுவாக இரு கண்களையும் பற்றும். ஆயினும் ஒரு கண் முந்திக்கொள்ளும். மேற்பரப்பு கோணல்மாணலாகிவிடுவதால், ஒரே சீரான வளைவுடைய மூக்குக்கண்ணாடி அதனைச் சரிசெய்ய இயலாது. நோய் முற்றியவர்களுக்கு மென்மையான லென்ஸும் பெரும்பாலும் உதவுவதில்லை. அது கூம்பின் மேல் ஈரத்துணிபோல் படிந்து, கூம்பின் வடிவத்தையே தானும் பெற்றுவிடுகிறது.

இங்கேதான் கடினமான கான்டாக்ட் லென்ஸ் துணைக்கு வருகிறது. அது செயற்படும் விதத்தை விளக்க இராயபுரத்துத் தெருக்களே நல்ல உவமை. குண்டும் குழியுமான சாலையில் மழைநீர் தேங்கினால் மேற்பரப்பு மட்டமாகி வானத்தைக்கூடக் காட்டுகிறதன்றோ? அவ்வாறே, வடிவம் மாறாத லென்ஸின் உட்புறத்திற்கும் மேடுபள்ளமான கார்னியாவிற்கும் இடையே கண்ணீர் நிரம்புகிறது. கண்ணீரும் கார்னியாவும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் வளைப்பவை. ஆதலால் பள்ளங்கள் ஒளியின் கணக்கிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. லென்ஸின் வழவழப்பான மேற்பரப்பே கண்ணின் புதிய முகப்பாகிறது. மூக்குக்கண்ணாடி போட்டும் பலகையின் மேல்வரியை மட்டுமே படித்த ஒருவர், லென்ஸ் வைத்த சில நிமிடங்களில் கீழ்வரிகளைப் படிப்பது இதனாலேயே. பார்ப்போருக்கு மாயம்போல் தோன்றும். ஆனால் கண்ணினுள் எதுவும் குணமாகிவிடவில்லை. லென்ஸ் பார்வையைத் தருகிறது, நோயை நிறுத்துவதில்லை. இவ்வுண்மையை அறியாமல் ஏமாறுவோர் பலர் என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறோம்.

இதன் வரலாறும் சுவையானது. 1888-இல் ஜூரிச் நகரில் அடால்ஃப் ஃபிக் என்பவர் கண்ணாடியாலான கிண்ணம் போன்ற வில்லைகளை முதலில் முயல்களின் கண்ணிலும், பின்னர்த் தம் கண்ணிலும் வைத்துப் பார்த்தார். இரண்டு மணி நேரத்திற்குமேல் தாங்குவது அரிதாக இருந்தது. அதே காலத்தில் பாரிஸில் யூஜீன் கால்ட் என்பவர் கூம்பு விழிக்கென்றே அத்தகைய வில்லைகளைப் பயன்படுத்தினார். கண்ணாடிக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் வந்து, 1948-இல் அமெரிக்கரான கெவின் டூஹி கார்னியாவின் மேல் மட்டும் அமரும் சிறிய லென்ஸை உருவாக்கினார். அந்தப் பிளாஸ்டிக் காற்றைப் புகவிடாது. கார்னியாவோ தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை வெளிக்காற்றிலிருந்தே பெறுவது. ஆக்சிஜனை ஊடுருவவிடும் கடின லென்ஸ்கள் 1970-களில் வந்த பிறகே நெடுநேரம் அணிவது எளிதாயிற்று.

இரயில் நிலையத்திலிருந்து காசிமேடு வந்தோம். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடியும் நேரம். பனிக்கட்டி அரைக்கும் இயந்திரங்களின் ஓசை, வலை பின்னும் முதியவர்கள், விசைப்படகுகளின் டீசல் வாடை. அதற்குப் பின்புறத் தெரு ஒன்றில்தான் இளைஞரின் வீடு. அவர் லென்ஸ் அணிவதைக் காணவேண்டும் என்று முன்னரே கேட்டிருந்தோம். நமக்காகவே அன்று காலை அணியாமல் காத்திருந்தார். அதுவரை இரயில் நிலையத்தில் தூண்களை எண்ணியது பழைய மூக்குக்கண்ணாடியுடன்தான். எண்ணிக்கை தவறியதற்கும் அதுவே காரணம் என்றார்.

கையைச் சோப்பிட்டுக் கழுவி, நூல் உதிராத துணியால் ஈரம் போகத் துடைத்தார். வலக்கண்ணிற்கு ஸ்கிளரல் என்னும் பெரிய லென்ஸ். குறுக்களவு பதினைந்து மில்லிமீட்டருக்கு மேல். கார்னியாவைத் தொடாமல் பாலம்போல் தாண்டி, கண்ணின் வெண்பகுதியில் அமர்வது. சிறு ரப்பர்க் கிண்ணியின்மேல் அதனை நிறுத்தி, விளிம்பு வரை உப்புக்கரைசலை நிரப்பி, முகத்தைத் தரைக்கு நேராகக் கவிழ்த்து, இமைகளை அகல விரித்து, கண்ணை லென்ஸை நோக்கி இறக்கினார். உள்ளே காற்றுக் குமிழி புகுந்துவிடவே, எடுத்து மறுபடியும் செய்தார். இடக்கண்ணில் நோய் அவ்வளவு முற்றவில்லை. அதற்குச் சட்டைப் பித்தானைவிடச் சிறிய கார்னியா லென்ஸ். இமைக்கும் நேரத்தில் அது அமர்ந்துவிட்டது.

அவருடைய தாயார் காப்பி கொடுத்துக்கொண்டே ஒரு குறை சொன்னார்: "லாரி வந்தாத்தான் எங்களுக்குத் தண்ணி ஐயா. கொடம் கொடமா புடிச்சு வெக்கிறேன். அந்தத் தண்ணி ஒரு சொட்டு அந்த லென்ஸ் மேல படக்கூடாதாம்!" அம்மையாருக்கு அது வீம்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் குழாய்நீர், தொட்டிநீர், கிணற்றுநீர் எதிலும் அக்கந்தமீபா என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். நாம் குடித்தாலும் குளித்தாலும் பொதுவாக ஒன்றும் செய்யாத அவ்வுயிர், லென்ஸின் அடியில் சிக்கிக்கொண்டால் கார்னியாவைத் தின்று கடும் வலியையும் பார்வையிழப்பையும் உண்டாக்கும். மருந்துக்கு எளிதில் கட்டுப்படாது. ஆகவே லென்ஸைக் கழுவவும் ஊறவைக்கவும் அதற்கென்று விற்கும் கரைசலே வேண்டும்; எச்சில் தொட்டு வைப்பதும், லென்ஸுடன் தலைக்குக் குளிப்பதும் உறங்குவதும் ஆகா. மாதந்தோறும் கரைசலுக்கு ஆகும் செலவு அவ்வீட்டுக் கணக்கில் அரிசிக்கு அடுத்து எழுதப்படுகிறது. ஸ்கிளரல் லென்ஸின் விலையோ மூக்குக்கண்ணாடியின் விலையைப்போலப் பல மடங்கு. தவணையில் வாங்கிய சீட்டுப் பணம் அதற்குப் போயிற்று.

அந்த வீட்டில் இன்னொரு பிள்ளையும் உண்டு. பதினான்கு வயது, பள்ளி விடுமுறையாதலால் தானும் வருவதாக நம்முடன் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டான்.

தண்டையார்பேட்டையைக் கடந்து திருவொற்றியூர் சேர்ந்தோம். மெட்ரோ இரயில் 2021 முதல் விம்கோ நகர் வரை ஓடுகிறது. தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்ற இடம் அது. ஊரின் நடுவே தியாகராசர் கோயில். சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலியாரைப் பிரியேன் என்று இங்குள்ள மகிழ மரத்தடியில் சூளுரைத்து மணந்தார் என்றும், சூள் தவறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் ஒளி இழந்தன என்றும் பெரிய புராணம் கூறுகிறது. வழியில் திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஓர் ஊன்றுகோல் மட்டுமே. காஞ்சியில் இடக்கண்ணும், நெடுந்தொலைவு நடந்து திருவாரூரில் வலக்கண்ணும் ஒளி பெற்றன. நம் தோழருக்கு இக்கதை இவ்வூர்க்காரர் என்ற முறையில் மனப்பாடம். "அவருக்கும் ஒரு கண்ணு முன்னாடி, ஒரு கண்ணு பின்னாடி" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் முதலில் இடக்கண்ணே சரியானது. வலக்கண்ணிற்குப் பொருந்தும் லென்ஸ் அமைய நான்கு மாதமும் ஆறு முறை அலைச்சலும் ஆயின.

லென்ஸ் பொருத்துவது செருப்பு வாங்குவதைப் போன்றதன்று. கார்னியாவின் மேடுபள்ளங்களைக் கணினி படமாக வரைகிறது. அதன்படி ஒரு மாதிரி லென்ஸை வைத்து, மஞ்சள் சாயம் ஒரு துளி இட்டு, நீல ஒளியில் பார்ப்பர். கண்ணீர் தேங்கிய இடம் பச்சையாய் ஒளிரும். லென்ஸ் கண்ணைத் தொடும் இடம் கறுத்துத் தெரியும். கூம்பின் உச்சியில் லென்ஸ் அழுந்தினால் தழும்பு விழும். மிகத் தள்ளி நின்றால் இமைக்கும்போது வெளியே தெறிக்கும். இந்த நுட்பம் கைவர நெடும்பயிற்சி வேண்டும். சென்னையில் 1978-இல் தோன்றிய சங்கர நேத்ராலயாவைச் சார்ந்து 1985-இல் எலீட் ஆப்டோமெட்ரி பள்ளி தொடங்கப்பட்ட பிறகு, இக்கலையில் பட்டம் பெற்றோர் நம்மிடையே பெருகினர். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையோ 1819-இல் தோன்றியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று என்ற பெருமையுடையது. நாட்டின் முதல் கண் வங்கி 1945-இல் அங்கேதான் அமைந்தது. 1948-இல் மருத்துவர் முத்தையா அங்கே கார்னியா மாற்று அறுவை செய்தார். லென்ஸ் தாங்காத அளவு தழும்பு விழுந்தோருக்கு இன்றும் அந்த அறுவையே வழி. இறந்தவர் அளித்த கண்ணால் வாழ்வோர் பெறும் வரம் அது. ஆயினும் ஒட்டிய கார்னியாவும் கோணலாக ஆறுவதுண்டு. அறுவைக்குப் பிறகும் கடின லென்ஸ் அணிந்தே தெளிவாகப் பார்ப்போர் பலர். அறுவை முடிந்தால் லென்ஸுக்கு விடுதலை என்று எண்ணிச் செல்வோர் இதனை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.

எர்ணாவூரை நெருங்கும்போது வெயில் ஏறிவிட்டது. எண்ணூர் விரைவுச் சாலையில் ஒருபுறம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். மறுபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் டிரெய்லர் லாரிகள். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் மணலும் சாலைப் புழுதியும் சேர்ந்து அடித்தன. நம் தோழர் சட்டென்று இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார். சிறிய லென்ஸின் அடியில் ஒரு துகள் புகுந்துவிட்டது. ஊசி குத்துவது போன்ற வலியாம். சுவரோரம் ஒதுங்கி, இமையை இழுத்து லென்ஸை உள்ளங்கையில் விழச்செய்து, கரைசலில் கழுவி மீண்டும் அணிய ஐந்து நிமிடம் ஆயிற்று. வலக்கண்ணிலிருந்த பெரிய லென்ஸோ அசையவே இல்லை. வெண்பகுதியில் ஒட்டி அமர்வதால் தூசி உள்ளே செல்வது அரிது. இத்தகைய ஊரில் வாழ்வோருக்கு அதுவே ஏற்றது என்பது நம் கருத்து, விலைதான் தடை. சிறிய லென்ஸ் அணிவோர் மேலே பக்கங்கள் மூடிய கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

அண்ணன் லென்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது தம்பி இரு கை முட்டிகளாலும் தன் கண்களை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான். "டேய், கைய எடு!" என்று அண்ணன் போட்ட அதட்டலில் அருகிலிருந்த லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

காரணமுள்ள அதட்டல்தான். கண்ணரிப்பால் ஓயாமல் தேய்ப்பதற்கும் இந்நோய்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மெலிந்த படலத்தைக் கைமுட்டியால் பிசைந்தால் அது மேலும் தளரும். நம் நாட்டாரிடையே இந்நோய் மிகுதி என்பதும் கருதத்தக்கது. இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் செய்து 2000-இல் வெளியான ஆய்வில், அங்குள்ள வெள்ளையரைவிடத் தெற்காசிய வழியினரிடையே இது நான்கு மடங்குக்குமேல் காணப்பட்டது. குடும்பத்தில் ஒருவருக்கு இருப்பின் உடன்பிறந்தோரையும் சோதிப்பது நல்லது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் நோயை நிறுத்த இன்று வழியிருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்ட முறை அது. பி2 வைட்டமினான ரிபோஃபிளேவின் சொட்டுகளைக் கார்னியாவில் ஊறவைத்து, புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் படலத்தின் நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. ஆனால் வழக்கமான முறையில் இதைச் செய்யக் கார்னியாவின் கனம் 400 மைக்ரானுக்குக் குறையாதிருக்க வேண்டும். அண்ணனின் வலக்கண் மருத்துவரிடம் சென்ற நாளிலேயே அந்த எல்லையைக் கடந்து மெலிந்திருந்தது.

சாலையோரப் பட்டறைகளில் வெல்டிங் பொறி பறந்தது. வெல்டிங் ஒளி பட்டால் லென்ஸ் உருகிக் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்று தொழிலாளரிடையே ஒரு பேச்சு உண்டு. தோழரையும் அவருடைய மேஸ்திரி அப்படித்தான் பயமுறுத்தினாராம். இது 1967-இல் அமெரிக்காவின் பால்டிமோர் கப்பல் கட்டும் தளத்தில் ஒருவருக்கு நேர்ந்த கண்காயத்திலிருந்து பிறந்து உலகைச் சுற்றிய வதந்தி. லென்ஸை அளவுக்குமேல் நேரம் அணிந்ததே அவர் கார்னியா உரிந்ததற்குக் காரணம் என்று பின்னர்த் தெளிவாயிற்று. வெல்டிங் செய்வோருக்கு லென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முகக்கவசம் கட்டாயம், அவ்வளவே.

உண்மையான ஆபத்து வேறு. 2023 டிசம்பர் 26 இரவு, இச்சாலையோரக் குப்பங்களில் உறங்கியவர்கள் மூச்சுத் திணறியும் கண் எரிந்தும் எழுந்து ஓடினர். உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்திருந்தது. அமோனியா காரப்பொருள், கண்ணின் ஈரத்தில் கரைந்து விரைவாக உட்புகும். அத்தகைய வேளையில் மட்டும் லென்ஸுக்கு நீர் ஆகாது என்ற விதி செல்லாது. கிடைக்கும் தூய நீரால் உடனே கண்ணைக் கழுவத் தொடங்கி, கழுவும்போதே லென்ஸை எடுத்துவிட்டு, மேலும் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். லென்ஸ் போனால் வேறு வாங்கலாம். அன்றிரவு தோழர் லென்ஸைக் கழற்றிவிட்டு உறங்கியிருந்தார். எண்ணூரில் அத்தை வீட்டில் தங்கியிருந்தவர், மங்கிய பார்வையோடு இருட்டில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியதாகச் சொன்னார்.

மாலையில் முகத்துவாரத்தை அடைந்தோம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடம். 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் இன்னும் புகைகின்றன. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-இல் நீதிமன்ற ஆணையால் நின்றபோது இராயபுரத்தார் மூச்சு விட்டனர். அந்தக் கரி இப்போது எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்குகிறது. ஒருவர் வீட்டுத் திண்ணையில் படிந்த கறுப்பு மற்றொருவர் திண்ணைக்கு மாறியது.

கழிமுகத்தில் நான்கைந்து படகுகள் கட்டியிருந்தன. அண்ணன் தம்பியை நிறுத்தி, வலக்கண்ணை உள்ளங்கையால் மூடச்சொல்லி, சற்றுத் தொலைவிலிருந்த படகின் பதிவு எண்ணைப் படிக்கச் சொன்னார். பையன் தடங்கலின்றிப் படித்தான். இடக்கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னார். முதல் இரண்டு எழுத்துகள் வந்தன. பிறகு பையன் தலையைச் சாய்த்தான், கண்ணை இடுக்கினான்.

"கடைசி நம்பர் என்னடா?"

"மூணு... இல்ல, எட்டு. ரெண்டா தெரியுதுண்ணா."

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, திங்கட்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காலை ஏழு மணிக்கே எழும்பூருக்குப் போய்ச் சீட்டு வாங்கிவிடுவதாக நம்மிடம் கூறினார். திரும்பும் ஷேர் ஆட்டோவில் இருக்கையின் ஓரத்தில் அமர்ந்த பையன், இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டே காசிமேடு வரை வந்தான்.